"ஒண்ணுமில்ல டாக்டர்" என்று இனி சொல்லாதீங்க!

(தா.பழூரில் மகளிர் அணியினரிடையே நமது ஐ.டி. விங் தோழர் பேசியதன் எழுத்து வடிவம்)



தா.பழூர் வட்டாரத்துல எந்தத் தெருவுக்குப் போனாலும் சுகர், பிரஷர், தைராய்டு, மூட்டுவாதம்னு வருஷக்கணக்கா மாத்திரை சாப்பிடுற ஒரு அக்காவையோ அத்தையையோ பார்க்கலாம். "உடம்பு எப்படி இருக்கு?"ன்னு கேட்டுப் பாருங்க. "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்"னு பதில் வரும். ஆஸ்பத்திரியிலயும் டாக்டர் கேக்குற கேள்விக்கு வீட்டுக்காரரோ மகனோதான் பதில் சொல்றாங்க. அந்தம்மா தலையை மட்டும் ஆட்டுறாங்க.

இது வெறும் கூச்சம் இல்லீங்க. பல தடவை சொல்லியும் யாரும் காதுல வாங்காததால வந்த பழக்கம். காலையில விரல் மடங்கலைன்னா "வேலைக்கு டிமிக்கியா?"ன்னு கேப்பாங்க. மாதவிடாய் வலின்னா "எல்லாருக்கும் வர்றதுதானே"ன்னு முடிச்சுடுவாங்க.

ஒரு பெண்ணைக் கேக்காமலே அவங்க உடம்பைப் பத்தி அடுத்தவங்க முடிவெடுத்தா என்ன ஆகும்? 1995-ல டெல்லியில நடந்தது இது. ரத்தப்போக்கு நிக்கலைன்னு 44 வயசுப் பெண் ஒருத்தர் டாக்டர்கிட்ட போனாங்க. பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுத்தாங்க. மயக்கத்துல இருக்கும்போதே, அவங்க அம்மாகிட்ட சம்மதம் வாங்கி கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துட்டாங்க. அந்தப் பெண் விடல, வழக்குப் போட்டாங்க. 2008 ஜனவரி 16-ல உச்ச நீதிமன்றம் தெளிவா சொன்னது: உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதப்ப, கண் முழிக்கிற வரைக்கும் காத்திருந்து அவங்ககிட்டதான் கேட்டிருக்கணும். பெத்த தாயே கொடுத்தாலும் அந்தச் சம்மதம் செல்லாது!

தாய்க்கே அந்த உரிமை இல்லைன்னா, மத்தவங்களுக்கு எங்கிருந்து வரும்?

1929-ல செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுல பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டுத் தீர்மானம் போட்ட மண் இது. 1989-ல கலைஞர் ஆட்சியில அது சட்டமாச்சு. 2021-ல டவுன் பஸ்ல மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்துச்சு. அதே ஆண்டு ஆகஸ்ட் 5-ல தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்துச்சு. ஆனா "எனக்கு முடியல, இன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும்"னு சொல்ல வீட்டுல இன்னும் தயங்கணும்னா, அந்த உரிமை பாதி வழியிலதான் நிக்குது.

அக்காமாரே, உங்ககிட்ட மூணே விஷயம்.

1. டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி எழுதிக்கோங்க: எங்க வலி, எப்போதிலிருந்து, எந்த வேலை செய்ய முடியல. "வலிக்குது"ன்னு மட்டும் சொல்லாம, "குடம் தூக்க முடியல"ன்னு சொல்லுங்க.

2. சீட்டு, ரிப்போர்ட் எல்லாத்தையும் உங்க போன்லயே படம் எடுத்து வைங்க. சிகிச்சை ஆவணங்களைக் கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள தரணும்னு மருத்துவக் கவுன்சில் விதியே இருக்கு.

3. ஆண் மருத்துவர் பரிசோதிக்கும்போது ஒரு பெண் கூட இருக்கணும்னு கேளுங்க. அது உங்க உரிமை. சந்தேகம் இருந்தா 104-க்கு போன் பண்ணுங்க.

இதைப் படிக்கிற ஆண் தோழர்களே, கட்டாயம் துணைக்குப் போங்க. பஸ்ல இடம் பிடிங்க, ஓ.பி. சீட்டு வாங்குங்க. டாக்டர் கேக்கும்போது மட்டும் அவங்களைப் பேச விடுங்க.

சுயமரியாதைங்கிறது மேடையில முழங்குறது மட்டும் இல்ல. "எனக்கு வலிக்குது"ன்னு ஒரு பெண் சொன்னா, அதை நம்புறதும்தான்.