அனுப்பியதும் கிடைத்ததும்



'பெரிய நிறுவனத்தில் தகவல் மேலாண்மை' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். புத்தகத்தில் இருப்பதை நீங்களே படித்துக்கொள்ளலாம். நான் பட்டதைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பம்ப் தொழிற்சாலையில் டிசைன் பிரிவில் இருந்தேன். ஒரு கேசிங்கின் கனத்தை 2 மில்லிமீட்டர் கூட்டி வரைபடத்தைத் திருத்தினேன். 40 பேருக்கு ஈமெயில் தட்டிவிட்டு, 'நம்ம வேலை முடிஞ்சுது' என்று இருந்துவிட்டேன். ஃபவுண்டரியில் மூன்று வாரம் பழைய பேட்டர்னிலேயே வார்த்தார்கள். அத்தனையும் திரும்ப உலைக்குப் போனது. மெமோ வாங்கியவர் ஃபவுண்டரி சூப்பர்வைசர். அந்த 40 பேரில் அவர் பெயரும் இருந்தது. ஆனால் அவர் மேஜையில் கம்ப்யூட்டரே கிடையாது. அது எனக்குத் தெரியும். விசாரணையில் நான் வாய் திறக்கவில்லை.

என் ஊர் போத்தனூர். 1862-லேயே சென்னை ரயில் பாதை வந்த ஊர். கோவைக்கு ரயில் வந்தது 1873-இல்தான். எங்கள் வீதியில் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் இருந்தார். அவரிடம் போய்ப் புலம்பினேன். "அனுப்புனது சரி கண்ணு. கிடைச்சுதுன்னு நம்பர் வாங்குனியா?" என்றார்.

அவர் சொன்னது 'பிரைவேட் நம்பர்'. கேட்டை மூடிவிட்டேன் என்று கேட்மேன் போனில் சொன்னால் மட்டும் போதாது. தன்னிடமுள்ள தாளிலிருந்து ஒரு எண்ணையும் சொல்ல வேண்டும். அதை இவர் எழுதிக்கொள்வார். அவர் அந்த எண்ணை அடித்துவிடுவார். வேகக் கட்டுப்பாடு இருந்தால் டிரைவர் கையில் எழுத்தில் கொடுத்து, கையெழுத்து வாங்குவார்கள். ஒற்றைப் பாதையில் பால் டோக்கன் இருந்த இடங்களில், எடுத்த உருண்டை மறுபடி மெஷினுக்குள் போகிற வரை இரண்டு முனையிலும் அடுத்தது வெளியே வராது.

சுமார் 12 லட்சம் பேர் வேலை பார்க்கும் ரயில்வே ஓடுவது எல்லாருக்கும் எல்லாத் தகவலையும் அனுப்பி அல்ல. யாருக்குத் தெரிந்தே ஆகவேண்டுமோ அவருக்குச் சொல்லி, அவர் வாங்கிக்கொண்டார் என்று உறுதி செய்த பிறகே அடுத்த காரியம் நடக்கிறது. நானோ 40 பேருக்குச் சொல்லியும், சொல்ல வேண்டிய ஒருவருக்குச் சொல்லவில்லை.

மறுநாள் மேனேஜரிடம் போய் உண்மையைச் சொன்னேன். மெமோ என் பெயருக்கு மாறியது. ஆனால் அதுவரை அந்தப் பெரியவர் தலைகுனிந்து நடந்தாரே, அதை என்னால் மாற்ற முடியவில்லை.

அதன் பிறகு எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் வந்தது. பழைய வரைபடம் ஃபவுண்டரியின் கையெழுத்தோடு திரும்பி வந்தால்தான் புதியது வெளியே போகும். செலவு ஒரு நோட்டுப் புத்தகம்தான்.

தம்பி, தங்கைகளே, நாளைக்கு நீங்கள் எவ்வளவு பெரிய சாஃப்ட்வேர் வைத்து வேலை செய்தாலும் சரி. 'அனுப்பிட்டேன்' என்று சொல்லிவிட்டு எழுந்திருக்காதீர்கள். கடைசியில் அந்தத் தகவலை வைத்து வேலை செய்யப்போகிறவர் யார் என்று பார்த்து, ஒரு நடை போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.