பேருந்துக் கட்டணத்தை ஒழித்தவர் யார்?

(இளைஞர்களும் வணிகர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய உரை)



ஒரு குழந்தை பிறக்கிறது. தொப்புளருகே வயிற்றுச் சுவரில் ஒரு துளை. அதன் வழியே குடல் வெளியே கிடக்கிறது. மருத்துவர்கள் இதற்கு கேஸ்ட்ரோஸ்கைசிஸ் என்று பெயர் சொல்கிறார்கள். லண்டனில் பிறந்தால் அந்தக் குழந்தை பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஆப்பிரிக்காவின் உகாண்டாவில், ஒரு கிராமத்துக் குடிசையில் பிறந்தால்?

74 நாடுகளின் 264 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு ஒன்று 2021இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. இக்குறையோடு மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த குழந்தைகளில், பணக்கார நாடுகளில் இறந்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. ஏழை நாடுகளிலோ நூற்றுக்கு 90 பேர்! நோய் ஒன்றுதான், பிறந்த மண்தான் வேறு.

முதல் சில மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும்? குடலைச் சுத்தமான பிளாஸ்டிக் உறையால் மூட வேண்டும். உடல் சூடு குறையாமல் காக்க வேண்டும். நரம்பு வழியே திரவம் ஏற்றி, தாமதமின்றிப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். இதில் எது கோடிக்கணக்கில் செலவாகும் காரியம்? சிந்தித்துப் பாருங்கள்!

அப்படியானால் தடை எங்கே இருக்கிறது?

முதல் தடை வீட்டு வாசலில். இது குணமாகக்கூடியது என்று தாய்க்குத் தெரியாது. பிரசவம் பார்த்தவருக்கும் தெரியாது. சாபம் என்று எண்ணி ஒதுக்குவோரும் உண்டு.

இரண்டாவது தடை சாலையில். உகாண்டாவில் குழந்தை அறுவை நிபுணர்கள் மிகச் சிலரே. தலைநகர் கம்பாலாவின் முலாகோ போன்ற சில பெரிய மருத்துவமனைகளைத் தேடித்தான் போக வேண்டும். அரசு மருத்துவமனைகளின் பொதுப் பிரிவில் கட்டணம் 2001இலேயே ஒழிக்கப்பட்டுவிட்டது. ஆனால் பேருந்துக் கட்டணத்தை ஒழித்தவர் யார்? ஊரில் விட்டுவந்த மற்ற பிள்ளைகளுக்குச் சோறு போடுபவர் யார்?

மூன்றாவது தடை மருத்துவமனைக்குள்ளேயே. வணிகர்களாகிய உங்களுக்கு இது எளிதில் புரியும். கடை இருக்கிறது, முதலாளி இருக்கிறார், சரக்கு மட்டும் வரவில்லை என்றால் வியாபாரம் நடக்குமா? அறுவைச் சிகிச்சையும் அப்படித்தான். மருத்துவர் இருப்பார், மயக்க மருந்து கொடுப்பவர் இருக்கமாட்டார். அவரும் வந்துவிட்டால், பச்சிளம் குழந்தையின் மூச்சுக்குழாய்க்குப் பொருந்தும் சிறிய குழாய் இருக்காது. அதுவும் கிடைத்தால் இரத்தமோ மின்சாரமோ இருக்காது. குடல் இயங்கும்வரை நரம்பு வழியே செலுத்த வேண்டிய ஊட்டச்சத்தோ பல இடங்களில் கிடைப்பதே இல்லை.

உயிர் பிழைத்தாலும் துயரம் முடிவதில்லை. ஆசனவாய் இல்லாமல் பிறக்கும் குழந்தைக்கு, முதலில் வயிற்றில் வழி செய்து மலத்தை வெளியேற்றுவார்கள். அடுத்த அறுவை சில மாதங்களில் நடக்க வேண்டும். அதற்குச் சில குழந்தைகள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். மலம் சேரும் பை வாங்க வழியின்றித் துணி கட்டுகிறார்கள். தாய் வேலையை இழக்கிறாள். சில தந்தையர் குடும்பத்தையே விட்டுப் போய்விடுகிறார்கள். எவ்வளவு வேதனை!

உலகில் 170 கோடிக் குழந்தைகளுக்கும் சிறுவர்களுக்கும் அறுவைச் சிகிச்சை எட்டாத நிலை இருப்பதாக 2019இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். அடிப்படை மருத்துவத்தில் அறுவைச் சிகிச்சைக்கும் இடம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் மாலர் 1980இல் வலியுறுத்தினார். உலக சுகாதாரப் பேரவை அதற்கெனத் தீர்மானம் நிறைவேற்றியது 2015இல். முப்பத்தைந்து ஆண்டுகள்! அதற்குள் எத்தனை தொட்டில்கள் காலியாகியிருக்கும்?

சகோதரர்களே! தொலைதூர நாட்டு மருத்துவமனைக்கென நன்கொடை கேட்டு வருவோருக்கு மனமுவந்து கொடுங்கள். ஆனால் கட்டடத்தோடு நின்றுவிடாதீர்கள். "தாயின் வழிச்செலவுக்கு என்ன ஏற்பாடு? ஆக்ஸிஜனுக்கு? பழுதான கருவியைச் சரிசெய்ய ஆள் உண்டா?" என்று கேளுங்கள். கல்வெட்டில் பெயர் வராத செலவுகள் இவை. குழந்தையைக் காப்பாற்றுவது இவைதான்.

இளைஞர்களே! மருத்துவர் ஆவது மட்டுமே மருத்துவச் சேவை அல்ல. செவிலியர் படிப்பும், மயக்க மருந்துத் தொழில்நுட்பமும், மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்க்கும் படிப்பும் உயிர் காக்கும் படிப்புகளே. சங்கிலியில் அறுந்து கிடக்கும் கண்ணி எதுவோ, அதுவாக நீங்கள் ஆகுங்கள்!