குச்சியிலிருந்து கொடி



தேனியிலிருந்து கம்பம் நோக்கிச் செல்வோர் வழியெங்கும் திராட்சைப் பந்தல்களைக் கண்டிருப்பர். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர்த் திராட்சை அங்கு விளைவதே. திராட்சை பயிரிடுவோர் விதை ஊன்றுவதில்லை. விதையில் வரும் செடிக்குத் தாயின் குணம் அப்படியே அமையாது. குச்சியை நட்டு வளர்க்கும் கொடியோ தாய்க்கொடியேதான். 1860களில் பிரான்சு நாட்டுத் தோட்டங்களை வேர்ப்பூச்சி அழிக்கத் தொடங்கியது. அப்போது பழைய இனங்களைக் காத்தவையும், அமெரிக்கக் கொடியின் வேரில் ஒட்டப்பட்ட இத்தகைய குச்சிகளே.

எங்கள் பழைய வீட்டு முற்றத்தில் என் தந்தையார் வைத்த கொடி ஒன்று இருந்தது. அவர் மறைந்தபின் வீடு கைமாறிற்று. வாங்கியவர் கொடியை வெட்டிவிடப் போவதாகச் சொன்னார். எனக்குக் கிடைத்தது ஒரே நாள் அவகாசம். நல்லவேளையாக அது கவாத்துக்கு ஏற்ற ஐப்பசி மாதம். பன்னிரண்டு குச்சிகளை அறுத்து வந்தேன்.

பசுந்தண்டு உதவாது, பழுப்பேறி முற்றிய தண்டே வேண்டும். பென்சில் பருமனும் நான்கு கணுக்களும் இருந்தால் போதும். அடிவெட்டைக் கணுவை ஒட்டி நேராகவும், மேல்வெட்டைக் கணுவிற்குச் சற்று மேலே சாய்வாகவும் வெட்டுக. தலைகீழாக நட்டுவிடாமலிருக்கவே இவ்வடையாளம். வேரைத் தூண்டும் ஆக்சின் என்னும் பொருள் தண்டினுள் மேலிருந்து கீழ்நோக்கியே சென்று அடிமுனையில் சேர்கிறது. வேரும் அங்கேதான் பிறக்கும்.

செம்மண், ஆற்று மணல், மக்கிய தொழுவுரம் மூன்றையும் கலந்து, அடியில் துளையுள்ள தொட்டியில் நிரப்பி, இரண்டு கணுக்கள் மண்ணுள் புதையுமாறு நட்டு நிழலில் வைத்தேன். சில வாரங்களில் மொட்டு அவிழ்ந்து இலை விரிந்தது. எனக்கோ பெருமிதம்! ஆனால், அவ்விலை தண்டில் சேர்ந்திருந்த மாவுச்சத்தைச் செலவிட்டு வந்தது. வேர் அப்போதுதான் அரும்பத் தொடங்கியிருந்தது. இதை அறியாமல், வேர் விட்டதா என்று பிடுங்கிப் பார்த்தேன். வெள்ளை நூல்போன்ற வேர்முளைகள் முறிந்தன. மூன்று குச்சிகள் இவ்வாறு என் கையாலேயே மாண்டன. ஐந்து, நான் ஊற்றிய மிகையான நீரால் அழுகின. தந்தையாரின் கொடியில் எஞ்சியவை நான்கே.

அதன்பின் தொட்டியின் அடித்துளையை மட்டுமே பார்த்து வந்தேன். மூன்றாம் மாதம் அங்கே வேர்நுனி தெரிந்தது. பெரிய தொட்டிக்கு மாற்றும்போது தண்டைப் பற்றித் தூக்கலாகாது. முன்னதாக நீர் தெளித்து, தொட்டியைக் கவிழ்த்து, மண்கட்டி உடையாமல் உள்ளங்கையில் ஏந்தி வைத்தல் வேண்டும். ஒரு வாரம் நிழலில் இருத்தி, பிறகு சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்கினேன்.

இரண்டு தொட்டிகள் தமக்கையார் வீட்டில் உள்ளன. என் வீட்டு மாடியில் உள்ள இரண்டில் ஒன்று இவ்வாண்டு இரு குலைகள் விட்டிருக்கிறது. பழைய சுவைதானா என்று தமக்கையார் அடிக்கடி கேட்கிறார். காய்கள் இன்னும் நிறம் மாறவில்லை.