கேட்க முடிகிற லீவு



மாதவிடாய் வலிக்கு ஆபீசில் லீவு கொடுக்கலாமா? இது புதுப் பேச்சு இல்லைங்க. ஜப்பானில் 1947-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். வலி தாங்க முடியாமல் ஒரு பெண் லீவு கேட்டால், அவரை வேலை வாங்கக் கூடாது. நம் நாட்டில் பீகார் அரசு 1992-லேயே பெண் ஊழியர்களுக்கு மாதம் இரண்டு நாள் கொடுத்தது.

ஆனால், ஜப்பானில் அந்த லீவை எடுக்கிறவர்கள் மிக மிகக் குறைவு. ஏன், வலி இல்லையா? வலி இருக்கிறது. கேட்கத்தான் கூச்சம். பல கம்பெனிகளில் அன்றைக்குச் சம்பளமும் கிடையாது.

பானை நிறையத் தண்ணீர் இருக்கிறது. டம்ளரைப் பரண் மேல் வைத்துவிட்டால் தாகம் தீருமா?

லீவும் அப்படித்தான். கொடுத்தால் மட்டும் போதாது. கேட்க முடிகிற மாதிரி கொடுக்க வேண்டும். காரணத்தைக் கிளறக் கூடாது. சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது. ‘இன்றைக்கு முடியவில்லை’ என்று சொன்னால், அதுவே போதும் என்று இருக்க வேண்டும்.

இன்னொன்று. மாதாமாதம் படுக்கையில் தள்ளுகிற வலி என்றால், ‘பெண்ணாய்ப் பிறந்தால் அப்படித்தான்’ என்று விட்டுவிடாதீர்கள். லீவும் எடுங்கள், டாக்டரையும் பாருங்கள்.