நெல், அரிசி, சோறு: தாய்மொழியின் மேல் நின்று ஆங்கிலம் பயிலுதல்

ஆங்கிலம் பயில வருகிற மாணவரிடம் முழுமையான இலக்கணம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அது அவருடைய தாய்மொழியின் இலக்கணம். எழுவாய் எங்கே நிற்கும், காலத்தை எதில் காட்டுவது, எந்தப் பொருளுக்கு எத்தனை சொல் என்பதையெல்லாம் பள்ளிக்கு வருமுன்பே அவர் கற்றுவிடுகிறார். ஆங்கிலத்தில் அவர் செய்யும் பிழைகளில் கணிசமானவை, இந்த இலக்கணத்தை ஒழுங்காகக் கையாளுவதால் வருபவை. சீன மொழி பேசும் மாணவரையும் தமிழ் பேசும் மாணவரையும் அருகருகே நிறுத்திப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். இரண்டும் உறவில்லாத மொழிகள். ஆங்கிலத்தின் முன் சில இடங்களில் ஒன்றுபோலவும் சில இடங்களில் நேர் எதிராகவும் நிற்கின்றன.

காவிரிப் படுகையின் பிள்ளைக்கு வயலில் விளைவது நெல், ஆலையில் அரைத்து வருவது அரிசி, இலையில் பரிமாறுவது சோறு. ஒன்றின் இடத்தில் மற்றதைச் சொன்னால் சிறு குழந்தையும் திருத்தும். சீன மொழியிலும் அப்படித்தான்: பயிருக்குத் 'தாவ்', அரிசிக்கு 'மி', சோற்றுக்கு 'ஃபான்'. ஆங்கிலம் மூன்றையும் 'ரைஸ்' என்ற ஒரு சொல்லில் அடக்கிவிட்டு, வயலைப் பற்றிப் பேசும்போது மட்டும் மலாய் மொழியிலிருந்து வாங்கிய 'பேடி'யைக் கையாளுகிறது. உறவுப் பெயரிலும் இதே நிலை. தமிழில் அண்ணனும் தம்பியும் வேறு, சீனத்திலும் வேறு, ஆங்கிலத்தில் இருவரும் 'பிரதர்'.

தாய்மொழி நுணுக்கமாகப் பிரித்திருப்பதை ஆங்கிலம் சேர்த்துச் சொல்கிற இத்தகைய இடங்களில் மாணவர் அதிகம் தடுமாறுவதில்லை. தாய்மொழி சேர்த்து வைத்திருப்பதை ஆங்கிலம் பிரிக்கும்போதுதான் சிக்கல். தமிழில் லைட்டைப் போடலாம், சட்டை போடலாம், காபி போடலாம், கோலம் போடலாம், கையெழுத்தும் சண்டையும் போடலாம். ஆங்கிலத்தில் இந்த ஆறுக்கும் ஒரே வினை போதாது. தஞ்சாவூர் மாணவர் 'புட் தி லைட்' என்று எழுதுவதற்குக் காரணம் இதுதான். சீன மாணவர் அதே இடத்தில் 'ஓப்பன் தி லைட்' என்பார்; ஏனெனில் கதவைத் திறப்பதற்கும் விளக்கை ஏற்றுவதற்கும் வண்டி ஓட்டுவதற்கும் சீனத்தில் 'காய்' என்ற ஒரே வினை வரும். அகராதியில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று எழுதி மனப்பாடம் செய்யும் பட்டியல்கள் இருவருக்கும் உதவாமல் போவது இங்கேதான். வினையைத் தனியே கற்பதைவிட, அது எந்தப் பெயரோடு கூடி வரும் என்று சேர்த்துக் கற்பதே நல்ல சொற்பயிற்சி.

மொழிப் பயிற்சிக்குத் தஞ்சைப் பகுதியில் நீண்ட வரலாறு உண்டு. அது தொடங்கியது எதிர்த்திசையில். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய பாதிரியார் சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் எழுத்தெழுதித் தமிழ் கற்றார். பிறகு தமக்குப் பழகிய இலத்தீன் இலக்கணச் சட்டத்துக்குள் தமிழை வைத்து எழுதிய இலக்கணம் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. அந்தச் சட்டம் தமிழுக்கு முழுவதும் பொருந்தவில்லை என்று பிற்கால அறிஞர் குறை சொல்வது சரிதான். ஆனாலும் கற்பவர் தமக்குத் தெரிந்த இலக்கணத்திலிருந்து தெரியாததை நோக்கிப் போகும் முறை அதில் இருந்தது. அந்த முறை பின்னர் ஆங்கிலம் கற்ற தமிழருக்குக் கிடைக்கவில்லை என்பதே இவ்வரலாற்றில் வருந்தத்தக்க செய்தி.

1750இல் தரங்கம்பாடிக்கு வந்த சுவார்ட்சு பாதிரியார், 1778 முதல் தஞ்சாவூரில் வாழ்ந்தார். 1780களில் ஆங்கிலேய ரெசிடெண்ட் ஜான் சல்லிவனின் ஆதரவோடு தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய ஊர்களில் ஆங்கிலப் பள்ளிகள் எழுந்தன. ஆங்கிலக் கல்வி பற்றிய மெக்காலேயின் குறிப்பு எழுதப்பட்டது 1835இல். அதற்கு அரை நூற்றாண்டு முன்பே இங்கே ஆங்கில வகுப்பு நடந்துகொண்டிருந்தது. சுவார்ட்சிடம் பயின்ற இரண்டாம் சரபோஜி 1798இல் பட்டமேறியவர். அவர் வளர்த்த சரசுவதி மகால் நூலகத்தில் சாமுவேல் ஜான்சன் அகராதியின் 1784ஆம் ஆண்டுப் பதிப்பு இன்றும் இருக்கிறது. அதே காலத்தில், 1779இல், சென்னை வேப்பேரியில் பப்ரிசியஸின் தமிழ்–ஆங்கில அகராதி அச்சானது. அதை அடிப்படையாகக் கொண்ட அகராதி 1897இல் தரங்கம்பாடியிலேயே வெளிவந்தது. இவை தமிழ் கற்க வந்தவரின் தேவைக்காகத் தொகுக்கப்பட்டவை. ஆங்கிலம் கற்கும் தமிழ்ப் பிள்ளையின் தேவையை முன்வைத்து அதே அளவு உழைப்பு அன்று செலவிடப்படவில்லை.

அதன் விளைவைக் கும்பகோணத்தில் பார்க்கலாம். 1854இல் பள்ளியாகத் தொடங்கி அரசுக் கல்லூரியாக வளர்ந்த நிறுவனத்தில், வலங்கைமானில் பிறந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரியும் படித்தார், கணித மேதை இராமானுஜனும் படித்தார். சாஸ்திரியின் ஆங்கிலப் பேச்சு இலண்டன் வரை புகழ்பெற்றது. 1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தார். இராமானுஜன் 1904இல் உதவித்தொகையோடு அதே கல்லூரியில் சேர்ந்து, ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தவறி அந்த உதவித்தொகையை இழந்தார். 1913 சனவரியில் கணித அறிஞர் ஹார்டிக்கு அவர் அனுப்பிய கடிதம் ஆங்கிலத்தில்தான் இருந்தது. சொல்ல வேண்டியதை அது சொன்னது. கணிதத்திலேயே மூழ்கி மற்றப் பாடங்களை அவர் கவனிக்கவில்லை என்பது உண்மையே. ஆயினும் ஆங்கிலக் கட்டுரையைப் பயிற்சியாகக் கொள்ளாமல் வாசற்கதவாக வைத்த ஏற்பாடு யாரையெல்லாம் வெளியே நிறுத்தக்கூடும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

இலக்கணத்தில் சீனமும் தமிழும் பிரியும் இடம் வினை. சீன வினை காலத்துக்கோ இடத்துக்கோ ஏற்ப உருமாறுவதில்லை. நேற்று, நாளை என்னும் சொல்லும், செயல் முடிந்ததைக் காட்டும் 'ல' போன்ற இடைச்சொல்லும் வேலையை முடித்துவிடும். அதனால் 'யெஸ்டர்டே ஐ கோ' என்பது சீன மாணவருக்கு நிறைவான வாக்கியம். தமிழ் மாணவர் இப்படி எழுதுவது அரிது, தமிழ் வினையே காலத்தையும் திணை, பால், எண், இடங்களையும் சுமப்பதால். அவருடைய பிழை வேறு வகை. "நேற்று மாமா வந்திருந்தார்" என்பது நல்ல தமிழ். வந்து, இருந்து, போய்விட்டார் என்ற பொருள் முழுதும் அதில் உண்டு. அதை அப்படியே கொண்டுபோய் 'அங்கிள் ஹேட் கம் யெஸ்டர்டே' என்று எழுதுகிறார். ஆங்கிலத்தில் அந்த வடிவம் வர, வேறொரு கடந்தகாலச் செயல் அதற்குப் பின்னால் நிற்க வேண்டும். 'ஹேட்' வரும் இடத்தைச் சூத்திரமாகச் சொல்லித் தருவதைவிட, 'வந்தார்', 'வந்திருக்கிறார்', 'வந்திருந்தார்' என்ற மூன்றையும் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலம் என்ன செய்கிறது என்று காட்டினால் பிடிபடும். சுட்டுப்பெயரிலும் இருவருக்கும் ஒரே பாடம் பொருந்தாது. அவன், அவள், அது மூன்றும் சீன ஒலியில் 'தா'தான். எழுத்தில் மட்டும் வேறுபடும். பேச்சில் 'ஹி', 'ஷி' மாறிப்போவது சீன மாணவரின் தீராத சிக்கல். தமிழ் மாணவருக்கு அந்தப் பயிற்சியே தேவையில்லை.

பெயர்ச்சொல்லில் இரு மொழிகளும் நெருங்குகின்றன. எண்ணுப் பெயர் வந்துவிட்டால் பன்மை விகுதி சீனத்தில் வராது. தமிழிலும் அஃறிணையில் கட்டாயமில்லை. பத்து மூட்டை, இரண்டு மாடு, மூன்று மா நிலம் என்றுதான் வழக்கு. ஆங்கிலத்தில் 'ஸ்' விடுபடுவது இருவருக்கும் பொது. ஆங்கிலம் எண்ணாத பெயர்களை எண்ணிவிடும் 'ஃபர்னிச்சர்ஸ்', 'இன்ஃபர்மேஷன்ஸ்' போன்ற பிழைக்கு மருந்து வயற்காட்டிலேயே இருக்கிறது. நெல்லை யாரும் ஒன்று, இரண்டு என்று எண்ணுவதில்லை. மரக்கால், கலம், மூட்டை என்று அளந்துதான் சொல்வார்கள். சீனத்தில் எல்லாப் பெயருக்கும் எண்ணுக்கும் நடுவே ஓர் அளவுச்சொல் கட்டாயம் வேண்டும். 'எ கிரெய்ன் ஆஃப் ரைஸ்', 'எ பேக் ஆஃப் ரைஸ்' என்ற ஆங்கில அமைப்பு இந்த வழக்கத்தின் நீட்சியாகவே மாணவருக்குப் புரியும்.

'எ', 'தி' என்ற சார்படைகள் இரு மொழியிலும் இல்லை என்று பாடநூல்கள் சொல்லி நிறுத்திவிடுகின்றன. சொல்லாக இல்லை, கருத்தாக இருக்கிறது. "நெல் விற்றார்" என்றால் நெல் விற்கும் செயலைச் செய்தார் என்று பொருள். "நெல்லை விற்றார்" என்றால் பேசுபவரும் கேட்பவரும் அறிந்த அந்த நெல். இரண்டாம் வேற்றுமை உருபு 'தி'யின் வேலையில் ஒரு பகுதியை இங்கே செய்கிறது. சீனம் அதே வேறுபாட்டைச் சொல்வரிசையால் காட்டும்: விருந்தாளியைக் குறிக்கும் 'கரென்' வினைக்கு முன் நின்றால் எதிர்பார்த்திருந்த விருந்தாளி வந்தார், பின் நின்றால் யாரோ ஒரு விருந்தாளி வந்தார். நெல் கொள்முதல் நிலையத்தில் நடக்கும் பேச்சை எழுதிக்கொண்டு, உருபு வரும் வாக்கியங்களையும் வராத வாக்கியங்களையும் மாணவரே பிரித்து, பிறகு ஆங்கிலமாக்கும் பயிற்சியை ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கலாம். இந்த விதி பொருந்தாத இடங்களும் வரும். ஆனால் 'தி' என்பது ஆசிரியர் சிவப்பு மையால் செருகும் எழுத்து என்ற எண்ணம் அதோடு போய்விடும்.

தாய்மொழியையும் கற்கும் மொழியையும் ஒப்பிட்டுப் பாடம் அமைக்கும் முறையை 1957இல் இராபர்ட் லாடோ நூலாக வகுத்தார். 1967இல் பிட் கார்டர், பிழை என்பது கற்பவர் எங்கே நிற்கிறார் என்பதைக் காட்டும் சான்று என்று எழுதியபின் ஆய்வு பிழைகளின் பக்கம் திரும்பியது. எந்தத் தாய்மொழிக்காரரும் செய்யும் பொதுப் பிழைகளும் உண்டு என்று 1970களின் ஆய்வுகள் காட்டின. 'ஹி கோஸ்' என்பதன் 'ஸ்' விடுபடுவது அத்தகையது. தமிழ் வினையில் இடவிகுதி இருந்தும் தமிழ் மாணவர் அதை விடுகிறார். எல்லாப் பழியையும் தாய்மொழி மேல் போட முடியாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இவை எல்லாவற்றையும்விட இந்த ஒப்பீட்டுக்கு முக்கியமானது 1974இல் ஜாக்குலின் ஷாக்டர் வெளியிட்ட கட்டுரை. பாரசீகம், அரபு பேசும் மாணவரைவிடச் சீனம், ஜப்பானியம் பேசும் மாணவர் ஆங்கிலப் பெயரெச்சத் தொடர்களில் குறைவாகவே பிழை செய்தார்கள். காரணத்தை ஆராய்ந்தபோது, அவர்கள் அத்தொடர்களைப் பாதிக்கும் குறைவாகவே பயன்படுத்தியிருந்தது தெரியவந்தது. அவர்களுடைய மொழிகளில் பெயரெச்சம் பெயருக்கு முன்னால் வரும், ஆங்கிலத்தில் பின்னால். கடினமானதைத் தவிர்த்துவிட்டதால் தாள் சுத்தமாக இருந்தது. தமிழிலும் "நேற்று நட்ட நாற்று" என்று எச்சம் முன்னால்தான் வருகிறது. ஆகவே காவிரி டெல்டா மாணவரின் பிழையற்ற கட்டுரையிலும் எது எழுதப்படாமல் விடப்பட்டது என்று பார்த்தாக வேண்டும். மதிப்பெண் முறையில் இதைக் காணவே வழியில்லை.

பயிற்சி முறைகள் மாறிக்கொண்டே வந்துள்ளன. 1950களின் இறுதியில் சென்னை மாநிலத்தில் அமைப்பு முறைப் பயிற்சி ஆசிரியர்களுக்குப் பரவலாகத் தரப்பட்டது. 1979 முதல் என்.எஸ். பிரபு பெங்களூரிலும் சென்னையிலும் பணிவழிக் கற்பித்தலைச் சோதித்தார். சீனத்தில் 1977இல் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு மீண்டும் வந்தபின் சொற்பட்டியல் மனப்பாடம் பெருகியது; பூங்காக்களில் கூடி ஆங்கிலம் பேசும் 'ஆங்கில மூலை' வழக்கமும் அக்காலத்தில்தான் தோன்றியது. பட்டியலைவிடப் பூங்கா நல்ல யோசனை. நம் ஊர்ப் பள்ளிகளில் அதற்கு இணையாக எதுவும் வேரூன்றவில்லை.

சீன மாணவரும் தமிழ் மாணவரும் நேரில் சந்திக்கும் இடம் சிங்கப்பூர். மன்னார்குடி, திருவாரூர் பக்கத்திலிருந்து போகும் தொழிலாளியும் சீன மேற்பார்வையாளரும் கட்டுமானத் தளத்தில் ஆங்கிலத்தில்தான் பேசியாக வேண்டும். அங்கே 'ஈட் ஆல்ரெடி' என்றால் சாப்பிட்டாயிற்று என்று பொருள். சீனத்தின் 'ல' அந்த 'ஆல்ரெடி'யில் இருக்கிறது. தமிழரும் அதைச் சில மாதங்களில் பேசப் பழகிவிடுகிறார். ஆனால் பாதுகாப்பு அறிவிப்பையும் வேலை ஒப்பந்தத்தையும் படிக்க அந்தப் பேச்சு போதாது. அவருக்குப் பள்ளியில் கிடைத்திருக்க வேண்டியது, அவற்றைப் படிக்க உதவும் ஆங்கிலம்.

ஆகவே செய்ய வேண்டிய முதல் வேலை தொகுப்பு. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் தமிழ்வழி மாணவர் எழுதிய ஆங்கிலக் கட்டுரைகளைப் பெயர் நீக்கி, திருத்தாமல் சேர்க்க வேண்டும். அவற்றில் பிழையையும் தவிர்ப்பையும் தனித்தனியே குறிக்க வேண்டும்: 'ஹேட்' மிகுந்த இடம், 'தி' விடுபட்ட இடம், பெயரெச்சம் வந்திருக்க வேண்டிய இடம். அதே வகுப்புச் சீன மாணவரின் எழுத்தோடு ஒப்பிட்டால், எது தமிழால் வந்தது, எது எல்லோருக்கும் பொது என்பது பிரியும். பயிற்சி ஏட்டை எழுதுவது அதற்கு அடுத்த வேலை. அதைத் தமிழ் ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே மேசையில் அமர்ந்து எழுத வேண்டும்.