கடைக்கு வேண்டாத வாடிக்கையாளர்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் நம் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)

செயலாளர் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். அடுத்து லிஃப்ட் பராமரிப்புக் கணக்கு இருக்கிறது, அதில்தான் உங்களுக்கு ஆர்வம் என்று தெரியும். சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

பில் போடும்போது மொபைல் நம்பர் எதற்குக் கேட்கிறார்கள் என்று போன மாதம் நடைப்பயிற்சியின்போது ஒருவர் கேட்டார். விளம்பர மெசேஜ் அனுப்பத்தான் என்றார் இன்னொருவர். அதற்கும்தான். ஆனால் நான் ஒரு ஜவுளிக் கடையின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நீங்கள் வாங்கியது, திருப்பிக் கொடுத்தது, தள்ளுபடி நாளில் மட்டும் வந்தது எல்லாம் அந்த நம்பரின் கீழ் சேரும். அதை வைத்து, இந்த ஆளால் கடைக்கு லாபமா நஷ்டமா என்று சொல்லிவிடலாம்.

இதை வெளிப்படையாகப் பேசிய கடை ஒன்று உண்டு. அமெரிக்காவில் எலக்ட்ரானிக்ஸ் விற்கும் பெஸ்ட் பை. அதன் தலைவர் பிராட் ஆண்டர்சன் 2004இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகையிடம் ஒரு கணக்குச் சொன்னார். வருடத்துக்குச் சுமார் 50 கோடி முறை வாடிக்கையாளர்கள் கடைக்கு வருகிறார்கள். அதில் 10 கோடி வரை வேண்டாத வருகை! லாபம் தருகிறவர்களுக்கு 'தேவதைகள்' என்றும், நஷ்டம் வைக்கிறவர்களுக்கு 'சாத்தான்கள்' என்றும் பெயர். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் லாரி செல்டன் சொன்ன வழி அது.

சாத்தான் என்ன செய்வார்? பொருளை வாங்கி, அதற்கான ரிபேட் பணத்தையும் வாங்கிக்கொண்டு, பொருளைத் திருப்பிக் கொடுப்பார். திரும்பி வந்த பொருள் என்று அதையே கடை விலை குறைத்து வைத்ததும், மறுபடி போய் வாங்குவார். கெட்டிக்காரர்தான்! யாரையும் வாசலில் நிறுத்தித் துரத்த முடியாதில்லையா? அதனால் கடை, திருப்பும் பொருளுக்கு 15 சதவீதம் கட்டணம் போட்டது. இப்படிப்பட்டவர்களுக்குச் சலுகை அறிவிப்பு போகாமல், அஞ்சல் பட்டியலிலிருந்து பெயரை எடுத்தது.

அதற்கு முந்தைய வருடம் ஃபைலீன்ஸ் பேஸ்மென்ட் என்ற துணிக்கடை, அடிக்கடி திருப்புகிறார்கள், புகார் சொல்கிறார்கள் என்று அக்கா தங்கை இருவரைத் தன் 21 கடைகளுக்கும் வரக்கூடாது என்றது. 2007இல் ஸ்பிரின்ட் தொலைபேசி நிறுவனம், சேவை மையத்தை அளவுக்கு மீறி அழைத்ததாகச் சுமார் 1,000 பேரின் இணைப்பை ரத்து செய்தது. ஆனால் அவர்களுக்கெல்லாம் கடிதம் வந்தது. எதற்காக வெளியே போனோம் என்றாவது தெரிந்தது.

கடைக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது. கல்யாணத்துக்குக் கட்டிவிட்டு, மடிப்பு கலையவில்லை என்று புடவையைத் திருப்பிக் கொண்டுவந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். அந்த நஷ்டம் மற்றவர்கள் வாங்கும் விலையில்தான் ஏறும். நம் தெருமுனை அண்ணாச்சிக்கும் யாரால் லாபம் என்று தெரியும். பழைய பாக்கியை வைத்துக்கொண்டு புதுச் சாமான் கேட்டால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். நாமும் பதில் சொல்லலாம். மகனுக்குச் சம்பளம் வரவில்லை என்றால் ஒரு வாரம் பொறுப்பார்.

என் விஷயத்துக்கு வருகிறேன். நம் பிளாக்கில் தனியாக இருக்கும் ஆறு மூத்தவர்களுக்கு ஆன்லைன் ஆர்டரெல்லாம் என் போனிலிருந்துதான் போகிறது. மூன்றாவது மாடி அம்மாவுக்கு ஒரு காலில் வீக்கம். எந்தச் செருப்பும் முதல் தடவை சேராது. இன்னொருவர் நைட்டியின் நிறம் போட்டோவில் பார்த்தது போல் இல்லை என்பார். எல்லாம் திரும்பிப் போகும். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு நாள் 'கேஷ் ஆன் டெலிவரி' மறைந்துவிட்டது. கஸ்டமர் கேரில், சிஸ்டம் முடிவு, காரணம் எங்களுக்கும் தெரியாது என்றார்கள். ஆறு வீடு என்று சொன்னேன். அதை எழுதிக்கொள்ள அவர்களிடம் கட்டம் இல்லை. அந்த அம்மாவிடம் யுபிஐ கிடையாது, கார்டு கிடையாது. பென்ஷன் பணத்தை எண்ணித்தான் கொடுப்பார். எனக்கு அசௌகரியம், அவருக்குக் கடையே மூடிவிட்டது.

சட்டம் இருக்கிறதா என்று கேட்பீர்கள். பில் போட மொபைல் எண்ணைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. ஆகவே 'நம்பர் வேண்டாம், பில் போடுங்கள்' என்று தைரியமாகச் சொல்லலாம். அதே வருடம் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், நம்மைப் பற்றி என்ன தரவு வைத்திருக்கிறார்கள் என்று கேட்கவும், பிழையைத் திருத்தச் சொல்லவும் உரிமை உண்டு. கட்டம் கட்டமாகத்தான் அமலுக்கு வருகிறது. ஆனால் கணினி எடுத்த முடிவை ஒரு மனிதர் பார்த்து மாற்ற வேண்டும் என்று கேட்கும் உரிமை அதில் இல்லை. என் கணக்கில் தரவு எதுவும் பிழையில்லையே! அத்தனையும் நான் திருப்பியதுதான்.

மற்ற மூத்தவர்களுக்கும் இப்படி ஆர்டர் போடுகிறவர்கள் இங்கே இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள். ஒரே போனில் எல்லாம் சேராமல் வீடுகளைப் பிரித்துக்கொள்வோம். மூன்றாவது மாடி அம்மாவுக்கு இப்போது சி பிளாக் தம்பி ஒருவர் போட்டுக் கொடுக்கிறார். முதல் ஜோடி நேற்று திரும்பிப் போனது.