குழாய் நீரும் வாய்க்கால் நீரும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நான் மேடைப் பேச்சாளன் அல்லன். நாற்பது ஆண்டுகள் குழாயோடும் தண்ணீரோடும் மல்லுக்கட்டிய பொறியாளன். "நீண்ட காலம் வெளியூரில் இருந்தவர் நீங்கள்; அந்த அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் இருந்த இடங்கள் இரண்டு. ஒன்று, ஆஸ்திரேலியாவின் மேற்கு மாநிலம். 1994 முதல் பதினாறு ஆண்டுகள் அங்கே வேலை பார்த்தேன். மற்றொன்று, பாலித் தீவு. அங்கே நான்கு ஆண்டுகள். இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, நம் ஆலயத்தைப் பற்றிய ஓர் உண்மை எனக்குப் புலப்பட்டது. அதைச் சொல்லவே இங்கு வந்து நிற்கிறேன்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் பரப்பு 25 இலட்சம் சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். நம் மலேசியாவைப்போல் ஏழு மடங்குக்கு மேல். பாலியோ 5,800 சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். நம் சிலாங்கூரைவிடச் சிறியது. அந்த மாநிலத்துக்குள் இந்தத் தீவைப்போல் நானூறு தீவுகளை வைக்கலாம். ஆனால் மக்கள்தொகையைப் பாருங்கள். 2021 கணக்கெடுப்பின்படி அந்தப் பெரிய மாநிலத்தில் இருந்தவர்கள் சுமார் 27 இலட்சம் பேர். 2020 கணக்கெடுப்பின்படி அந்தச் சின்னத் தீவில் இருந்தவர்கள் சுமார் 43 இலட்சம் பேர்! பெர்த் நகரில் விமானம் ஏறினால் நான்கு மணி நேரத்துக்குள் பாலியில் இறங்கிவிடலாம். பெர்த், பாலி, ஈப்போ மூன்று இடங்களிலும் கடிகாரம் ஒரே மணியைத்தான் காட்டும். ஆனால் வாழ்க்கை முறையில் ஒன்றுக்கொன்று எத்தனையோ தூரம்.

முதலில் பெரிய மாநிலத்தின் பெருமையைச் சொல்கிறேன். அந்த மண்ணின் உப்பைத் தின்றவன் நான்; குறை சொல்ல மனம் வராது.

பெர்த்திலிருந்து கிழக்கே உள்ளே போனால் கல்கூர்லி என்ற ஊர். 1893-இல் அங்கே தங்கம் கிடைத்தது. தங்கம் இருந்தது; குடிக்கத் தண்ணீர் இல்லை. காய்ச்சலில் பலர் மாண்டனர். ஓகானர் என்ற பொறியாளர், பெர்த்தை அடுத்த மலையில் அணை கட்டி, எட்டு நீரேற்று நிலையங்கள் வைத்து, ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்துக்குக் குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டு போகலாம் என்று திட்டம் தீட்டினார். பத்திரிகைகளில் அவரைத் தூற்றினார்கள். மனமுடைந்த அவர் 1902-இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். 1903 ஜனவரியில் தண்ணீர் கல்கூர்லிக்குப் போய்ச் சேர்ந்தது. இன்றும் போய்க்கொண்டிருக்கிறது.

அந்த ஊரில் வேலை பார்த்த நாள்களில், குழாயைத் திறக்கும்போதெல்லாம் அந்த மனிதரை நினைத்துக்கொள்வேன். தண்ணீரை அனுப்புகிறவர் யாரென்று எனக்குத் தெரியாது. குடிக்கிற என்னை அவருக்கும் தெரியாது. மாதிரிக்கு ஒன்று சொன்னேன். அங்கே எல்லாமே இப்படித்தான். 1928-இல் அந்த நாட்டில் தொடங்கிய பறக்கும் மருத்துவர் சேவையை எடுத்துக்கொள்ளுங்கள். பாலைவனத்தின் நடுவில் ஒருவனுக்கு நோய் என்றால் மருத்துவர் விமானத்தில் வருகிறார். அவன் யார், என்ன சாதி, எந்த ஊர் என்று எவரும் கேட்பதில்லை. அரசாங்கப் பணமும் கொடையாளர்களின் பணமும் சேர்ந்து அந்த விமானம் பறக்கிறது. முன்பின் அறியாதவனையும் காப்பாற்றும் இந்த ஏற்பாடு பெரிய தருமம் என்றே நான் சொல்வேன்.

ஆனால் ஒரு குறை இருந்தது. பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டு என் குடும்பத்தார் ஈப்போவிலேயே இருந்தார்கள். நான் பெர்த்தில் தனியே இருந்தேன். நான்காம் ஆண்டில் ஓர் இரவு நெஞ்சு வலி. தொலைபேசியில் சொன்னேன், ஆம்புலன்ஸ் உடனே வந்தது. மருத்துவமனையில் ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பாரத்தை நிரப்பும்போது தாதி கேட்டார்: "அவசரம் என்றால் யாருக்குச் சொல்ல வேண்டும்?" மனைவியின் பெயரைச் சொன்னேன். "இந்த ஊரில் யாராவது?" என்று கேட்டார். நான்கு ஆண்டுகள் அதே தெருவில் குடியிருந்தவன் நான். இடப்பக்கத்து வீட்டுக்காரரின் காரைத் தெரியும், பெயர் தெரியாது. கடைசியில் என் அலுவலகத்து எண்ணைச் சொன்னேன். அந்த இரவு நெஞ்சு வலியைவிட அதுதான் அதிகமாக வலித்தது. அது மருத்துவமனையின் குற்றமன்று, அந்த நாட்டின் குற்றமுமன்று. நான்தான் யாரையும் தேடிப் போகவில்லை. போகாமலே வாழ முடிந்தது.

இப்போது பாலிக்கு வருவோம்.

பாலியில் என் வேலை, உல்லாச விடுதிகளுக்கு நீர் சுத்திகரிக்கும் இயந்திரம் பொருத்துவது. தபனான் வட்டாரத்தில் ஒரு கிராமத்து வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தேன். மலாய் தெரிந்ததால் அவர்களுடைய இந்தோனேசியப் பேச்சு எனக்குப் பழகிவிட்டது. வீட்டைச் சுற்றிலும் படிப்படியாக வயல்கள். அங்கே தண்ணீரைப் பங்கிடுவது 'சுபாக்' என்னும் உழவர் சங்கம். ஆயிரம் ஆண்டுப் பழமை அதற்கு உண்டு. நான் அங்கிருந்த 2012-இல் யுனெஸ்கோ நிறுவனம் அதை உலகப் பாரம்பரியச் சொத்தாக ஏற்றுக்கொண்டது.

பொறியாளன் என்ற முறையில் அதன் நுட்பத்தைச் சொல்ல வேண்டும். மேட்டு வயல்காரனுக்குத் தண்ணீர் முதலில் கிடைக்கிறது. அவன் பள்ளத்து வயல்காரனுக்கு ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? காரணம் பூச்சி. ஆளுக்கொரு காலத்தில் நட்டால், பூச்சி ஒரு வயலை முடித்துவிட்டு அடுத்த வயலுக்குத் தாவும். எல்லாரும் ஒரே காலத்தில் நட்டு, ஒரே காலத்தில் வயலைச் சும்மா போட்டால், பூச்சிக்குத் தீனி இல்லாமல் போகும். ஆகவே பள்ளத்தானுக்குத் தண்ணீர் வேண்டும். மேட்டானுக்குப் பள்ளத்தானின் ஒத்துழைப்பு வேண்டும். இருவரும் சந்திக்கும் இடம் நீர்க்கோயில். அங்கே கூடித்தான் நடவு நாளை முடிவு செய்கிறார்கள். 1970-களில் அரசாங்கம், "கோயில் நாளைப் பார்க்காதீர்கள், முடிந்தபோதெல்லாம் நடுங்கள்" என்று ஊக்குவித்தது. பூச்சியும் தண்ணீர்த் தகராறும் பெருகின. ஸ்டீபன் லான்சிங் என்ற அமெரிக்க ஆய்வாளர், நீர்க்கோயில் முறையின் பயனைக் கணினி வழியாகவே எடுத்துக்காட்டினார். பக்தியும் விவசாயக் கணக்கும் அங்கே ஒன்றாக இருந்தன.

வீட்டிலும் அப்படித்தான். ஓர் இரவு மரத்தாலான 'குல்குல்' முரசு ஒலித்தது. வீட்டுக்காரர் எழுந்தார், கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு போனார், விடிந்துதான் திரும்பினார். அவர்களுடைய 'பஞ்சார்' என்னும் ஊர்க் கூட்டத்தில் ஒருவர் இறந்துவிட்டாராம். மூங்கில் வெட்டிப் பாடை கட்டிவிட்டு வந்திருக்கிறார். "உங்களுக்கு நெருங்கியவரா?" என்று கேட்டேன். "வரப்புத் தகராறில் ஒன்பது வருடமாகப் பேச்சில்லை" என்றார். நான் விழித்தேன். அவர் சிரித்தபடி, "பேச்சில்லை என்றால் மூங்கில் வெட்டக் கூடாதா?" என்றார்.

கோயில் வேலைக்கும் அப்படியே போவார்கள். கூலி வாங்காமல் செய்யும் அந்தப் பணிக்கு 'ஙாயா' என்று பெயர். விடுதி மேலாளரும் அங்கே உட்கார்ந்து தேங்காய் துருவுவார். 'ஞெப்பி' என்னும் மௌன நாளில் தீவு முழுவதும் அடங்கிவிடும். விமான நிலையத்தைக்கூட மூடிவிடுவார்கள். 2018 முதல் கைத்தொலைபேசி இணையத்தையும் அன்று நிறுத்துகிறார்கள்.

அன்பர்களே, தீவைச் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. அங்கே இருந்து பார்த்தவனுக்கு அதன் மறுபக்கமும் தெரியும். ஊர்ப் பணிக்கு வராதவனுக்கு அபராதம் உண்டு. ஊர்க் கட்டுப்பாட்டை மீறினால் ஒதுக்கி வைப்பார்கள். அப்படி ஒதுக்கியவருக்குச் சுடுகாட்டில் இடம் மறுப்பதும் உண்டு. வீட்டுக்காரரின் மகள் விடுதியில் வேலை பார்த்தாள். திருவிழா வந்தால் விடுப்புக்கு அலைவாள்; கிடைக்காவிட்டால் அபராதம் கட்டுவாள். "அப்பாவின் ஊர் எனக்கு மூச்சு முட்டுகிறது" என்று ஒருநாள் சொன்னாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. 2024-இல் மட்டும் 60 இலட்சத்துக்கும் அதிகமான வெளிநாட்டினர் அத்தீவுக்கு வந்தார்கள். வயல்கள் விடுதிகளாகின்றன. வயலுக்குப் போக வேண்டிய தண்ணீரை விடுதிக்குத் திருப்பும் வேலையில் சம்பளம் வாங்கியவன் நான். ஆகவே எனக்கு உபதேசம் செய்யும் தகுதி குறைவு. கண்டதைச் சொல்லும் தகுதி மட்டும் உண்டு.

அந்தக் குல்குல் ஒலியைக் கேட்டபோது எனக்கு நம் தோட்டத்துப் பெரட்டு மணி நினைவுக்கு வந்தது. இங்கே அமர்ந்திருக்கும் பெரியவர்கள் பலருக்கும் அந்த மணி நினைவிருக்கும். நாமும் ஒரு காலத்தில் தீவில் வாழ்ந்தவர்கள்தாம். ரப்பர் மரங்கள் சூழ்ந்த தீவு. ஒரு லயத்தில் சாவு என்றால் எல்லா லயத்திலும் அடுப்பு எரியாது. தோட்டத்து மாரியம்மன் திருவிழா என்றால் அழைப்பிதழ் யாருக்கும் வேண்டாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பட்டணத்து அடுக்குமாடிக்கு வந்தோம். தண்ணீர் குழாயில் வந்தது. பிள்ளைகள் படித்தார்கள். அது நல்லதுதான், திரும்பிப் போகச் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தீவில் நமக்குக் கிடைத்தது இப்போது எங்கே கிடைக்கும்? ஆலயத்தைத் தவிர வேறு இடம் எனக்குத் தெரியவில்லை.

இதை நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்று சொல்லி முடிக்கிறேன். என் தாயார் 2003-இல் காலமானார். நான் பெர்த்திலிருந்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தக் குற்ற உணர்ச்சியில், ஆண்டுதோறும் அவர் நினைவு நாளில் எங்கள் ஊர் ஆலயத்தில் அன்னதானத்துக்குப் பணம் அனுப்பி வந்தேன். ஓராண்டும் தவறவில்லை. பன்னிரண்டு இரசீதுகளையும் ஒரு கோப்பில் பத்திரமாக வைத்திருந்தேன். கடமையைச் செய்துவிட்டதாகவே எண்ணியிருந்தேன்.

2016-இல் ஊர் திரும்பியதும், அந்த ஆண்டு நினைவு நாளன்று முதன்முறையாக நேரில் போனேன். மடப்பள்ளியில் ஐந்து பாட்டிமார்கள் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். எழுபது வயதுக்குக் குறைந்தவர் ஒருவரும் இல்லை. என்னை அடையாளம் கண்டுகொண்ட ஒரு பெரியம்மா சொன்னார்: "வருசா வருசம் உன் காசு வந்துருதுப்பா. ஆனா உங்கம்மா உட்கார்ந்த அருவாமனை அப்படியே கெடக்கு. பூசணிக்கா வெட்ட ஆளில்ல."

சுவரோரம் துருப்பிடித்துக் கிடந்தது அந்த அரிவாள்மனை. என் தாயார் வெள்ளிக்கிழமைதோறும் அங்கே வந்து காய் நறுக்கியவர் என்பதுகூட எனக்குத் தெரியாது. அவர் பெயரால் நான் அனுப்பிய பணம் ஆயிரம் பேர் பசியை ஆற்றியிருக்கும். ஆனால் அவர் எழுந்துபோன இடம் பதின்மூன்று ஆண்டுகளாகக் காலியாகவே இருந்திருக்கிறது.

நம் அறப்பணிக்குக் கொடுக்கும் பணம் குழாய் நீர் போன்றது. அது வேண்டும். நம்மை அறியாத மாணவனுக்கும், நாம் பார்க்காத நோயாளிக்கும் அதுதான் போய்ச் சேரும். தொலைவில் இருப்பவர்களும் உடல் முடியாதவர்களும் கொடுக்கும் கொடையைக் குறைத்துச் சொன்னால் எனக்குப் பாவம் சேரும். ஆனால் வாய்க்கால் நீருக்கு ஆள் வர வேண்டும். வந்து நின்று, மேட்டானும் பள்ளத்தானும் முகம் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊர் கூடித்தானே தேர் இழுக்கிறோம். கூலி கொடுத்து இழுக்கிற தேர் நகரும், ஆனால் அதன் பின்னால் ஊர் வராது.

ஆகவே கொடையாளர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அபராதம் போட நமக்கு உரிமையில்லை, போடவும் வேண்டாம். ஆண்டுக்கு ஒரு காலைப்பொழுது, உங்கள் குடும்பத்தோடு, பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு மடப்பள்ளிக்கு வாருங்கள். அங்கே பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பவரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நாளை ஒரு மருத்துவமனையில், "இந்த ஊரில் யாராவது?" என்று தாதி கேட்டால், சொல்வதற்கு ஒரு பெயர் இருக்கும். நீங்களும் யாரோ ஒருவருக்கு அந்தப் பெயராக இருப்பீர்கள்.

அந்த அரிவாள்மனையைச் சாணை பிடித்து வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் நான்தான் அதில் உட்காருகிறேன். பூசணிக்காய் இன்னும் கோணலாகத்தான் வருகிறது, பெரியம்மாக்கள் சிரிக்கிறார்கள். பக்கத்தில் இடம் இருக்கிறது. வாருங்கள்.